கட்டணமா? கப்பமா?

இந்திய இரயில்வே, பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டை மட்டுமே திரும்பப் பெறுகிறது என்னும் வாசகம் 2016 ஜூன் திங்கள் முதல் கணினி அச்சிட்டுத் தரும் பயணச்சீட்டுகளில் ஏறியது. எஞ்சிய 43 விழுக்காட்டை இந்நாட்டுப் பொதுமக்கள் சுமக்கிறார்களே, அறிவாயா என்று பயணியைக் கேட்கும் வரியும் அதனுடன் சேர்ந்து வந்தது.

பயணச்சீட்டு என்பது பணம் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம். கொடுத்தான், பெற்றோம், ஏறட்டும் என்பதற்குமேல் அதில் எழுத ஏதுமில்லை. எந்த மளிகைக் கடைக்காரரும் சீட்டின் அடியிலே, 'உனக்காக நாங்கள் நட்டப்பட்டோம், நினைவிருக்கட்டும்' என்று எழுதித் தருவதில்லை. அன்னசத்திரத்துச் சுவரில்தான் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பார்கள். உண்டு எழுந்தவன் கைகழுவும்போது அதைப் படிக்கவேண்டும். படித்துத் தலை குனியவேண்டும். அந்தச் சத்திரத்துக் கல்லைச் சிறிதாக்கிச் சீட்டிலே ஒட்டியிருக்கிறார்கள். பொதுமக்கள் சுமக்கிறார்களாம்! ஒரு கையில் சோற்றுப் பாத்திரமும் மறு கையில் கம்பியுமாக, மூச்சுமுட்ட நின்றுகொண்டு போகிறானே, அவன் யார்? பொதுமக்களில் அவன் சேர்த்தி இல்லையா?

கட்டண உயர்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை காசு என்றுதான் வாதம் நடக்கிறது. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. ஒருவன் வேலைக்குப் போய் வீடு திரும்பும் செலவு யாருடைய செலவு? அவனுடையது என்று உலகம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. கோயிலுக்குப் போகிறவனும் கல்யாணத்துக்குப் போகிறவனும் தம் விருப்பத்திற்குப் போகிறார்கள். அவர்கள் செலவு அவர்களுடையது என்றால் ஒப்புவோம். அதிகாலை 5 மணிக்கு எழுந்து செங்கற்பட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ வண்டி ஏறுகிறவன் ஊர் பார்க்கவா போகிறான்? அவன் போகாவிட்டால் சென்னையில் கட்டடம் எழாது, கடை திறக்காது, பெரிய மனிதர் வீட்டுப் பாத்திரம் துலங்காது. நகரத்திற்கு அவன் வேண்டும். ஆனால் நகரத்திற்குள் நுழைய அவன்தான் காசு கட்டவேண்டும்! அந்நாளில் சுங்கச்சாவடியில் மூட்டைக்கு வரி வாங்கினார்கள். உழைப்பை மூட்டையாகச் சுமந்து வருகிறவனிடம் இன்று வாங்குவதற்குக் கட்டணம் என்று பெயர். கப்பம் என்ற பழைய சொல்லே நமக்கு நினைவுக்கு வருகிறது.

'கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை பத்தே ரூபாய். தேநீர் விலைகூட அதற்குமேல். இதற்கா இவ்வளவு கூக்குரல்?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சென்னை மின்தொடர் வண்டியின் கட்டணம் குறைவுதான். மறைக்கவில்லை. பிற வண்டிகளோடு ஒப்பிட்டால் அந்தக் குறைவு நன்கு விளங்கும். சென்னை மெட்ரோவில் 2021 பிப்ரவரியில் குறைத்த பிறகும் உச்சக் கட்டணம் 50 ரூபாய். பெங்களூர் மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் ஒரே மூச்சில் 60 ரூபாய் 90 ஆயிற்று. மக்கள் வெகுண்டபின் சில இடங்களுக்கு மட்டும் சிறிது தணித்தார்கள். ஆயினும் குறைந்த கட்டணம் என்பது யாருக்குக் குறைவு என்று பார்க்கவேண்டாமா?

மாதாந்தரப் பருவச்சீட்டை எடுத்துக்கொள்வோம். நம்மவர் வாயில் அது 'சீசன் டிக்கெட்'. ஏறத்தாழ 15 தனிப் பயணங்களுக்கான கட்டணத்தைச் செலுத்தினால் திங்கள் முழுதும் போய்வரலாம். 2014 ஜூனில் அதை 30 பயணங்களின் கட்டணமாக உயர்த்த முயன்றார்கள்; பம்பாய் மக்கள் கொதித்தெழவே சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். நல்ல ஏற்பாடுதான். யாருக்கு நல்லது? முதல் தேதி சம்பளம் வாங்கி, 25 நாளும் ஒரே இருக்கைக்குப் போகிறவருக்கு. நாட்கூலியின் கதை வேறு. இந்த வாரம் ஆவடியில் பூச்சு வேலை, அடுத்த வாரம் பெருங்களத்தூரில் மண் வேலை, அதற்கடுத்த வாரம் வேலையே இல்லை. அவன் எந்த ஊருக்குப் பருவச்சீட்டு வாங்குவான்? திங்களில் 12 நாள் வேலை கிடைத்தால் 24 முறை கட்டணம் கட்டுகிறான். இருமடங்கு நாள் பயணம் செய்யும் மாதச் சம்பளக்காரர் கட்டுவது 15 முறைக்கு. மொத்தமாக வாங்க வசதி உள்ளவனுக்கு விலை குறைவு, சில்லறையாக வாங்கும் ஏழைக்கு விலை அதிகம் என்ற செட்டிக்கடை நியாயம் இருப்புப்பாதையிலும் ஏறிவிட்டது. சீட்டில்லாமல் பிடிபட்டாலோ, குறைந்தது 250 ரூபாய் தண்டமும் கட்டணமும். ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு ஐம்பது மடங்கு! முதல் வகுப்பில் சீட்டின்றி ஏறிய கனவானுக்கும் அதே தொடக்கத் தொகைதான். சட்டத்தின் முன் அனைவரும் சமம் அல்லவா!

பெயரை மாற்றியே பணம் பறித்த கதையும் ஒன்று உண்டு. 2020இல் கொரோனாவை முன்னிட்டு வண்டிகள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது, சிற்றூர் நிலையங்கள்தோறும் நின்று போகும் சாதாரண 'பாசஞ்சர்' வண்டிகள் 'சிறப்பு' வண்டிகளாகவும் 'விரைவு' வண்டிகளாகவும் பட்டம் பெற்று வந்தன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் இருந்த இடத்தில் 30 ரூபாய். பெட்டி அதே பெட்டி. பலகை அதே பலகை. நின்ற ஊரெல்லாம் நின்றது, ஊர்ந்த இடமெல்லாம் ஊர்ந்தது. விரைந்தது கட்டணம் ஒன்றுதான். பெயரைச் சூட்டி மனிதனை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்த நாடு இது. வண்டிக்கும் அந்த வித்தையைச் செய்து காட்டினார்கள். நாளும் போய்வர 20 ரூபாய் கொடுத்தவன் 60 கொடுத்தான். 25 நாள் கணக்கில் 500 ரூபாய் 1,500 ஆயிற்று. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. தொற்று தணிந்த பின்னும் நீண்ட காலம் நீடித்த அந்தச் 'சிறப்பை'க் குறித்து எந்தப் பயணச்சீட்டிலும் ஒரு வரி அச்சிட்டதாக நாம் அறியோம். 57 விழுக்காட்டுக் கணக்கு சொன்னவர்கள் இந்தக் கணக்கையும் சொல்லியிருக்கலாம்.

சில்லறை என்று எள்ளுவோர்க்குக் கடல் கடந்த ஓர் ஊரைக் காட்டுவோம். தென் அமெரிக்காவிலே சிலி நாடு. அதன் தலைநகர் சாந்தியாகோ. 2019 அக்டோபரில் அங்கே சுரங்க இரயிலின் நெரிசல் நேரக் கட்டணம் 800 பெசோவிலிருந்து 830 ஆயிற்று. 30 பெசோ என்பது நம் காசில் மூன்று ரூபாய்க்கு மேற்படாது. பள்ளி மாணவர்கள் கூட்டங் கூட்டமாகத் தடுப்புகளைத் தாண்டிக் கட்டணம் கட்டாமல் உள்ளே நுழைந்தார்கள். அடக்குமுறை வந்தது, அக்டோபர் 18 அன்று நகரமே கொந்தளித்தது. மறுநாளே குடியரசுத் தலைவர் உயர்வை நிறுத்தினார். மக்கள் நிற்கவில்லை. முப்பது பெசோவுக்காக அல்ல, முப்பது ஆண்டுகளுக்காக என்பது அவர்கள் முழக்கம். 25ஆம் நாள் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் தெருவில் நின்றனர். மறு ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தார்கள். ஆனால் எழுதப்பட்ட இரண்டு வரைவுகளையும் அதே மக்கள் 2022இலும் 2023இலும் தள்ளிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுவோம். வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி இளைஞரை மயக்குவது நம் வேலை அன்று. உயிர்ப் பலியும் பார்வை இழந்த கண்களும் அந்தக் கணக்கில் உண்டு.

அப்படியானால் சீட்டில்லாமல் ஏறுவதுதான் அறமா என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். இரண்டு செயல்களைப் பிரித்துப் பார்ப்போம். பரிசோதகர் வருகிறாரா என்று கதவோரம் எட்டிப் பார்த்து, வந்தால் அடுத்த பெட்டிக்கு ஓடுகிறவன் அந்தக் கட்டணத்தின் நியாயத்தை எதிர்க்கவில்லை. தான் மட்டும் தப்புகிறான். அவன் தப்பியதால் பக்கத்தில் நிற்பவனுடைய சுமை ஒரு காசும் குறையவில்லை. தவிர, ஓடி ஒளிவதில் மானம் போகிறது, அது 250 ரூபாயைவிடப் பெரிது. பலர் அறிய, பெயர் சொல்லி, பிடித்துக்கொள் என்று நிற்பது வேறு. 1953 சூலையில் கள்ளக்குடியில் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த கலைஞரும் தோழர்களும் இருட்டில் ஒளிந்து தண்டவாளத்தைப் பெயர்க்கவில்லை. பகலில் படுத்தார்கள், சிறைக்குப் போனார்கள். எனவே நம் கருத்து இது: கட்டணம் அநீதியானாலும், அதை நாம் கட்டுவோம்; கட்டிக்கொண்டே எதிர்ப்போம்; கட்ட மறுக்கும் நாள் வந்தால் கூட்டமாக, முன்னறிவித்து மறுப்போம். பசியால் சீட்டு வாங்க வகையற்று ஏறுகிறவனை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவில்லை. அவனைத் திருடன் என்று கூறும் தகுதி, அவனுக்குக் கூலி நிறையக் கொடுத்தவனுக்கு மட்டுமே உண்டு.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று. 'வண்டியில் ஏறாத உழவன் ஏறுகிறவனுக்காக ஏன் சுமக்கவேண்டும்?' என்பது அது. நியாயமாக ஒலிக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி பிறந்த நாளைப் பாருங்கள். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை தென்னாட்டின் முதல் வண்டி ஓடியது. அந்நாளில் இருப்புப்பாதை போட்ட ஆங்கிலக் குழுமங்களின் பங்குதாரருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 விழுக்காடு வருவாய் உறுதி செய்யப்பட்டிருந்தது. வண்டி நட்டத்தில் ஓடினால் குறைவதை இந்திய வரிப்பணம் ஈடுசெய்யும். வண்டியையே பார்த்திராத உழவன், இலண்டனில் உட்கார்ந்திருந்த சீமானுக்கு வட்டி கட்டினான். அந்தப் பங்குப் பத்திரத்தில், 'உன் வருவாயை ஒரு பட்டினி நாட்டுக் குடியானவன் சுமக்கிறான், அறிவாயா' என்று யாரும் அச்சிடவில்லை! பயணிகளால் வந்த வருவாயில் பெரும்பங்கு தந்தவர்களும் ஆட்டுமந்தைபோல அடைக்கப்பட்ட மூன்றாம் வகுப்பு மக்களே. இன்றும் பயணிக் கட்டணத்தில் விழும் பள்ளத்தைப் பெரும்பாலும் நிரப்புவது சரக்குக் கட்டணம். நிலக்கரி, சிமெண்டு, உரம், அரிசி ஆகியவற்றின் விலையில் அது ஏறுகிறது. விளக்கேற்றுகிறவனும் சோறு உண்கிறவனும் அதைக் கொடுக்கிறார்கள். ஏழை ஒரு சன்னலில் குறைத்துப் பெறுவதை மறு சன்னலில் கட்டிவிடுகிறான். முதல் சன்னலில் மட்டும் அவனுக்கு நன்றி கற்பிக்கப்படுகிறது.

இதைவிட அடிப்படையான ஒன்று உண்டு: தொலைவு. ஏன் அவ்வளவு தூரத்தில் வாழ்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் விடை சங்கடமாக இருக்கும். நம் சிற்றூரிலே ஊர் வேறு, சேரி வேறு. சேரியில் வாழ்பவன் அந்தத் தொலைவைத் தானே தேர்ந்துகொண்டானா? ஊரார் வைத்த இடத்தில் இருந்தான். ஊரார் வயலுக்கு நடந்து வந்தான். நகரம் அந்த அளவுகோலை நீட்டியது. சாதி அளந்த இடத்தை இப்போது நில விலை அளக்கிறது, பெரும்பாலும் அதே ஆட்களைத்தான் வெளியே வைக்கிறது. 1853இலேயே கார்ல் மார்க்ஸ், இரயில் கொண்டுவரும் புதுத்தொழில் சாதியின் தூணாகிய பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். சிறிது கரைத்தது உண்மை. பெட்டியில் இடித்துக்கொண்டு நிற்பவனிடம் யாரும் குலம் கேட்பதில்லை. நிலையத்து உணவு விடுதிகளில் பார்ப்பனர்க்குத் தனியிடம் என்றிருந்த பலகை, பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல் ஒழிந்தது. 1974இல் மூன்றாம் வகுப்பும் போயிற்று. ஆனால் அதே கடற்கரை, தாம்பரம் பாதையில் 2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்தொடர் வந்தபோது கட்டணம் 85 ரூபாய். பக்கத்துத் தண்டவாளத்தில் 10 ரூபாய் வண்டி வியர்வையில் மிதந்தது. வெயில் மட்டும் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான்.

வீட்டை இடித்தவன் வழிச்செலவு கொடுக்கவேண்டும் என்று ஒரு நாடு முன்பே சட்டமிட்டது. அதைச் செய்தது சமதர்ம நாடன்று, இங்கிலாந்து. 1860களில் இலண்டன் நகருக்குள் இருப்புப்பாதைகள் நுழைந்தபோது வழியிலிருந்த தொழிலாளர் குடியிருப்புகள் தரைமட்டமாயின. பாட்டாளிகள் வெளியே துரத்தப்பட்டனர். 1864இல் கிரேட் ஈஸ்டர்ன் குழுமத்துக்கு அனுமதி தந்த சட்டம் ஒரு நிபந்தனை விதித்தது: எட்மண்டன், வால்தம்ஸ்டோ போன்ற புறநகர்களிலிருந்து தொழிலாளர் போகவர இரண்டு பென்னிக்கு வண்டி விடவேண்டும். 1883இல் மலிவு வண்டிச் சட்டம் அதைப் பிற குழுமங்களுக்கும் விரித்தது. இதில் கருணை ஏதுமில்லை. நீ துரத்தினாய், ஆகவே தூரம் உன்னுடைய கடன் என்ற கணக்குத்தான்.

சென்னைக்கு வருவோம். பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் பிற இடங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் பறக்கும் இரயிலுக்காகவும், பாலங்களுக்காகவும், நீர்வழித் திருத்தத்திற்காகவும் அகற்றப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டு முதல் அவர்களில் பலருக்கு நகர நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிக் கண்ணகி நகர் காட்டப்பட்டது. பின்னர்ச் செம்மஞ்சேரி, அதன் பின்னர்ப் பெரும்பாக்கம். நீதி கேட்டு நகருக்குள் புகுந்தவளின் பெயரை, நகரை விட்டு வெளியேற்றப்பட்டவர் குடியிருப்புக்கு வைத்தவர் யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கவேண்டும். அங்கிருந்து மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் வீட்டுவேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் பலர், வழிச்செலவும் நேரமும் கட்டாமல் வேலையையே விட்டார்கள். எந்த வண்டிக்காக வீடு போயிற்றோ, அந்தப் பறக்கும் இரயில் கண்ணகி நகருக்குப் போவதில்லை. 1864இல் இலண்டன் கண்ட நியாயம் நம் கோட்டையில் கோப்பாகக்கூட எழவில்லை. இதை நாம் நம் ஆட்சிகளையும் சேர்த்தே சொல்கிறோம். தில்லியைச் சாடுவது எளிது. குடிசை மாற்று ஆணைகளில் கையெழுத்திட்டது தில்லி அன்று.

நம் ஆட்சி செய்த நல்லதையும் சொல்லவேண்டும். 2021 மே திங்களில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஆணை வந்தது. கணவனிடம் காசு கேட்காமல் வாசல் தாண்டும் உரிமை அது. அடுத்த ஆண்டே ஓர் அமைச்சர் மேடையில் அதை 'ஓசி' என்றார்! சத்திரத்துக் கல்லுக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன வேறுபாடு? உரிமையாகக் கொடுத்ததை ஈகையாகச் சொல்லிக் காட்டும் அந்த நாக்கு எந்தக் கட்சியில் இருந்தாலும் அது பழைய பண்ணையாரின் நாக்குத்தான்.

யார் கொடுப்பது என்பதற்கு விடை ஆகாயத்தில் இல்லை. பிரான்சு நாட்டில், பாரிஸ் வட்டாரத்தில் 1982 முதலும் நாடு முழுதும் 2009 முதலும், ஊழியர் வேலைக்கு வரும் பருவச்சீட்டின் பாதி விலையை முதலாளி கொடுத்தாகவேண்டும். இங்கேயும் கொள்கை தெரியாததன்று. மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரையிலும் மாணவருக்கு 12ஆம் வகுப்பு வரையிலும் பள்ளிக்குச் செல்ல இரண்டாம் வகுப்பில் கட்டணமில்லாப் பருவச்சீட்டு என்று இரயில்வேயே விதி வகுத்தது. மகள் படிக்கப் போவது நாட்டுக்கு நன்மை என்றால், அந்த மகளைப் படிக்கவைக்கத் தாய் வேலைக்குப் போவது யாருக்கு நன்மை? அரசு தன் ஊழியருக்குப் போக்குவரத்துப் படியும் தருகிறது. எப்படித் தருகிறது தெரியுமா? 2017 சூலையில் வந்த நடுவணரசு ஆணைப்படி, சென்னை போன்ற பெருநகரங்களில் ஊதிய நிலை 9க்கும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிக்கு 7,200 ரூபாய். கடைநிலை ஊழியர்க்குத் தொடக்கத்தில் 1,350 ரூபாய். இரண்டுக்கும் மேலே அகவிலைப்படி. ஒரே அலுவலகம், ஒரே பாதை. கோப்பில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைவிடத் தூரம் ஐந்து மடங்கு அதிகம் போலும்! ஆக, வழிச்செலவு வேலை கொடுப்பவரைச் சேர்ந்தது என்பதை அரசு ஏற்கிறது. மேலிருந்து கீழே வர வர அந்த ஏற்பு தேய்ந்து, சித்தாளிடமும் வீட்டுவேலைப் பெண்ணிடமும் வரும்போது ஒன்றுமில்லாமல் போகிறது.

எல்லாருக்கும் எல்லா வண்டியும் இலவசம் என்று நாம் கேட்கவில்லை. 2020 முதல் இலக்சம்பர்க்கு அப்படிச் செய்கிறது. அது சிறு நாடு, செல்வ நாடு. நம் நெரிசலுக்கு முதலில் வேண்டுவது பெட்டி. ஆனால் இவற்றைக் கேட்கிறோம். திங்களுக்கு மட்டுமல்லாமல், எந்த நிலையத்திற்கும் செல்லும் வகையில் பத்துப் பயணத்திற்கும் பருவச்சீட்டு விலையிலேயே சீட்டு வேண்டும், நாட்கூலி வாங்குகிறவனுக்கு அது எட்டும். ஒப்பந்தக்காரன் கொடுக்கும் கூலியில் வழிச்செலவு தனியாக எழுதப்படவேண்டும். குடிசைகளை அகற்றும் ஆணை எதுவாயினும், புது இடத்திலிருந்து பழைய வேலைக்கு வரும் செலவை இத்தனை ஆண்டுக்கு அரசு ஏற்கும் என்ற வரி அந்த ஆணையிலேயே இருக்கவேண்டும். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவர்களிடம், எந்தக் கொடியானாலும், கடைசியாகச் சொன்ன இதை முதலில் கேளுங்கள். கேட்கும்போது அகற்றப்பட்ட தெருவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.